நான்கு நிமிட அமெரிக்கா

ஜூலை 8, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. மாட்டிய பையன்கள் போகும்போது, "சார், சாக்பீஸ் தூள் பட்டா கெட்டுப்போயிரும், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சாக்பீஸ் தூளைத் தின்றே வாழ்கிறவனிடம் சொல்கிறார்கள்.

தலைமையாசிரியை பிரேமகுமாரி மேடம் மதுரைக்காரர். இங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. எல்லாவற்றிலும் வேகம். "பரமசிவம் சார், இனிமே ஹிஸ்டரிக்கு வீடியோதான். நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம் ஓடுற மாதிரி எடுங்க. அதுக்கு மேல பிள்ளைங்க பாக்க மாட்டாங்க" என்றார். நான் முழு பீரியடும் பேசினாலும் கொட்டாவி விடாத வகுப்பு என்னுடையது. அதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் பாடம் அமெரிக்கப் புரட்சி. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசும் வீடியோவைப் போட்டேன். அதில் பேசியவரின் ஆங்கிலம் எனக்கே பாதிதான் பிடிபட்டது. பிள்ளைகள் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். சத்தத்தை அடைத்துவிட்டு நானே பேச ஆரம்பித்தேன், கபடிப் போட்டிக்கு மைக் பிடிக்கிறவன் மாதிரி. "இந்தா வாராம்ல ஒருத்தன், தலையில எறகைச் சொருவிக்கிட்டு! பெட்டியத் தூக்கியாச்சு, போட்டாச்சு! ஊரு மீனெல்லாம் இன்னைக்கு டீ குடிக்கப் போவுது!" வகுப்பில் ஒரே சிரிப்பு. பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் பெஞ்சில் என் அண்ணன் மகன் குமரேசன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பள்ளியில் அவனுக்கு நான் சார், வீட்டில் சித்தப்பா. வெளியே போகும்போது மறந்துபோய் "சூப்பர் சித்தப்பா" என்றான். முறைத்தேன். உள்ளுக்குள் மகிழ்ச்சிதான்.

ஜூலை 9, செவ்வாய்

கரண்ட் இல்லை. போர்டு வேலை செய்யவில்லை. நான் செய்தேன்.

ஜூலை 18, வியாழன்

அடிமைக் கப்பல் பற்றிய வீடியோ. கப்பலின் அடித்தட்டில் மனிதர்களைச் சாக்கு மூட்டை மாதிரி அடுக்கி வைத்திருக்கும் படம். இதற்கு என்ன பேசுவதென்று எனக்கு வரவில்லை. முடியும்வரை சும்மா நின்றேன். பிள்ளைகளும் சும்மா இருந்தார்கள். வகுப்பு தொய்ந்துவிட்டது. அடுத்த தடவை விறுவிறுப்பாக ஒன்றைத் தேட வேண்டும்.

வீட்டில் போர்வெல் மோட்டார் நின்றுவிட்டது. செண்பகம் காலையிலிருந்து என்னையும் மோட்டாரையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 24, புதன்

மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அடுத்த மாதம் மாவட்ட அதிகாரிகள் முன்னால் நான் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டுமாம், அதற்கு ஒத்திகை.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தேடி வைத்திருந்தேன். அறுபது, எழுபது வருடத்துக்கு முன் அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்தது. கறுப்பர்கள் கடைக்கு வந்து சாமான் வாங்கலாம். அதே கடையில் இருக்கும் சாப்பாட்டு மேடை முன்னால் மட்டும் உட்காரக் கூடாது. கல்லூரிப் பையன்கள் சிலர் போய் உட்காருகிறார்கள். காப்பி கேட்கிறார்கள். யாரும் தருவதில்லை. அவர்கள் எழுந்து போவதும் இல்லை. பின்னால் கூட்டம் கூடுகிறது. தலையில் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள், தக்காளிக் குழம்பை ஊற்றுகிறார்கள். இவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலே நிமிடம்.

போன வாரம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று ஆரம்பத்திலிருந்தே உற்சாகமாகப் பேசினேன். நல்ல கலகலப்பு. மேடமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு இல்ல சார்" என்றார் பிறகு. பாராட்டுதான்.

இரண்டு கேள்விகள் வந்தன. ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி இருக்கும் இசக்கிராஜா எழுந்து, "சார், அமெரிக்காவுலயும் தெரு இருக்கா?" என்று கேட்டான். அவன் எதைக் கேட்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். "தெரு இல்லாத ஊரு உண்டாலே? உக்காரு" என்று சமாளித்தேன்.

அடுத்து ஜெனிபா. கீழத்தெருப் பிள்ளை. அப்பா கேரளாவில் கட்டட வேலை, அம்மா பீடி சுற்றுகிறார். கையெழுத்து அழகாக இருக்கும். "எத்தன நாளு சார் அப்படி உக்காந்திருந்தாங்க?"

"ஆள மாத்தி மாத்தி தெனமும் போயி உக்காந்தாங்க. அந்தக் கட வழிக்கு வர ஆறு மாசம் ஆச்சு" என்றேன்.

"ஆறு மாசம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜூலை 26, வெள்ளி

மதியம் நான் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவன். மேலத்தெருவில் இருக்கும் என் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே மைதானம் ஒன்றுதான். அதனால் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.

சத்துணவு வாங்கியதும் மேலத்தெருப் பிள்ளைகள் நீள வராந்தாவில் உட்காருவார்கள். கீழத்தெருப் பிள்ளைகள் தட்டோடு சைக்கிள் ஷெட்டுக்குப் போவார்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை, எங்கும் எழுதி வைத்ததில்லை. அப்படியே அமைந்துவிட்டது. ஷெட்டிலும் நல்ல நிழல்தான்.

இன்று ஜெனிபா தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாளாம். யாரிடமும் பேசவில்லையாம். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முற்றத்து வெயிலில் போய் நின்று சாப்பிட்டிருக்கிறார்கள். வராந்தா முழுக்க அவள் ஒருத்தி. சாப்பிட்டு, தட்டைக் கழுவிவிட்டு வகுப்புக்கு வந்துவிட்டாள்.

ஐந்தாவது பீரியட் என்னுடையது. பாடம் நடத்தினேன்.

ஜூலை 29, திங்கள்

இன்று அவளோடு இன்னும் மூன்று பெண்கள்.

மாலையில் அண்ணன் ராமசுப்பு வந்தார். ஊர்க் கோயிலுக்குத் தர்மகர்த்தா, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறார். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே பரமசிவம், பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

"அமெரிக்க வரலாறு, அண்ணே."

"அமெரிக்காவ அமெரிக்காவுலயே வச்சுக்கோ. எம்புள்ள வெயில்ல நின்னு சோறு திங்கான்."

அவனை யார் வெயிலில் நிற்கச் சொன்னது என்று கேட்டிருக்கலாம். அதற்குள் செண்பகம் காப்பி கொண்டுவந்தாள். குடித்தோம். "அந்தப் பிள்ளைகிட்ட பேசுதேன்" என்றேன். அண்ணன் போகும்போது கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு யாரை வைக்கலாம் என்று கேட்டார். அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம்.

ஜூலை 31, புதன்

ஜெனிபாவை ஸ்டாஃப் ரூம் வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"ஏ பிள்ள, ஷெட்டுல என்ன கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல சார்."

"பெறவு என்ன?"

"வராந்தாவுலயும் ஒரு கொறச்சலும் இல்ல சார்."

திமிராகச் சொல்லவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். "பாரு, அது எங்கயோ ஒரு நாட்டுல நடந்தது. பாடம் வேற, பழக்கம் வேற" என்றேன்.

"அது பரீட்சைக்கு வருமா சார்?"

"வராது. பொஸ்தகத்துலயே இல்ல."

"அப்ப எதுக்கு சார் எங்களுக்குக் காட்டுனீங்க?"

மேடம் கூப்பிட்ட மாதிரி இருந்தது. போய்விட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. உள்ளே காயில் கம்பி கருகியிருந்ததாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன்.

இன்றும் உட்கார்ந்தார்களாம். நான் கேட்கவில்லை, கணக்கு சார்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. கைகூடக் கழுவாமல் ஓடினேன்.

குமரேசன் சாம்பார் வாளியைத் தூக்கி ஜெனிபாவின் தலையில் ஊற்றிவிட்டான். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. கழுத்தும் இடது தோளும் வெந்துவிட்டன. சத்துணவு அக்கா அழுதுகொண்டே தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். ஜெனிபா அழவில்லை. பல் கிட்டித்துப்போயிருந்தது. அப்போதும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள், கணக்கு சார்தான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி.

குமரேசன் காலி வாளியோடு நின்றான். என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஆகஸ்ட் 3, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். ஜெனிபா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் அம்மா அன்னபாக்கியம் எழுந்து ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"தழும்பு நிக்கும்னு சொல்லுதாங்க சார். உசுருக்கு ஒண்ணும் இல்ல, ஏசு காப்பாத்திட்டாரு." பிறகு, "ஒங்க கிளாஸுன்னா இதுக்கு அம்புட்டு இஷ்டம் சார். நீங்க படம் போட்டுப் பேசுனத வீட்டுல வந்து அப்படியே பேசிக் காட்டும். நான் பீடி சுத்திக்கிட்டே சிரிப்பேன்" என்றார்.

ஜெனிபா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியாக இருக்கும். சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அண்ணன் வீட்டில் ஊரே கூடியிருந்தது. போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. புதன்கிழமை கல்வித்துறையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அதற்குள் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் டி.சி.யக் கிழிச்சுக் குடுத்து அனுப்பிருவோம். ஒருத்தனுக்கும் மனத்தாங்கல் இருக்காது."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குமரேசனைத் தென்காசியில் மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிடுவார், வேன் வீட்டு வாசலுக்கே வரும். ஜெனிபாவுக்கு அடுத்த பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். போக மாட்டாள். அம்மா பக்கத்தில் பீடித் தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். அதோடு அவள் படிப்பு முடிந்தது.

குமரேசன் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றான். முகம் வீங்கியிருந்தது, அண்ணன் அடித்திருக்கிறார். "சித்தப்பா, வீடியோவுல ஊத்துனாங்கள்லா? சும்மா வெளையாட்டுக்குத்தான். சூடா இருக்கும்னு தெரியாது. நீங்கதான அன்னைக்கு அபிஷேகம், அபிஷேகம்னு..."

"வாய மூடுல" என்றார் அண்ணன்.

பையன் பயத்தில் என்னென்னவோ உளறுகிறான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மேடம் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ஜெனிபா போலீஸிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஊற்றும்போது குமரேசன் "அபிஷேகம்" என்று கத்தினான், அது எங்கள் சார் வகுப்பில் சொன்ன வார்த்தை என்று.

"அப்படி ஒண்ணும் நீங்க சொல்லலையே சார்?"

"நீங்களும் இருந்தீங்களே மேடம்."

"நான் கவனிக்கல" என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலையில எல்லாப் பிள்ளைங்களையும் கேட்டேன். சார் அப்படிச் சொல்லவே இல்லைன்னு ஒரே குரலா சொல்றாங்க. மேலத்தெரு, கீழத்தெரு எல்லாமே. உங்க மேல உயிரையே வச்சிருக்காங்க. அவ ஒருத்திதான் சொல்றா. வாத்தியார் மேல பொய் சொன்னான்னு ஆயிட்டா டி.சி. குடுக்கிறதும் சுலபம்."

பிள்ளைகளுக்கு என் மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறது என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது.

பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன். சொன்னேன். அந்தப் பையன் தலையில் குழம்பை ஊற்றும் இடம் வந்ததும், "பாருங்கலே, பாருங்க, அபிஷேகம் நடக்குது! அடுத்தாப்புல பன்னீர் வருதா, பால் வருதா?" என்றேன். அந்த இடத்தில்தான் மேடம் வாயைப் பொத்தினார். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கு அன்று முழுவதும் அந்தச் சிரிப்பு காதில் இனித்தது. இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று செண்பகம் கேட்டாள்.

"தெரியல."

"ஒங்க வாயில இருந்து தெரியலன்னு வந்து இன்னைக்குத்தான் கேக்கேன்" என்றாள். தோசை வார்த்தாள். சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். ஜெனிபாவுக்கு டி.சி. இல்லை, இதே பள்ளியில்தான் படிப்பாள். குமரேசன் மேல் வழக்கு நடக்கும். எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம், உத்தரவு நாளை வரும். மேடத்துக்கும் விளக்கம் கேட்டு மெமோ வரும். இனி என் வாசலில் கால் வைக்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கொடைக்கும் எனக்கு அழைப்பு கிடையாது.

விசாரணை ஒன்பதாம் வகுப்பறையிலேயே நடந்தது. அதிகாரி என் மேசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவரவர் இடத்தில். ஜெனிபா கழுத்திலும் தோளிலும் கட்டோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். மேடம் சுவரோரம். அண்ணனும் நாலைந்து பேரும் வாசலில் நின்றார்கள்.

"சார் அந்த வார்த்தையச் சொன்னாரா?" என்று அதிகாரி வகுப்பைக் கேட்டார். "இல்ல சார்" என்றது வகுப்பு. வாய்ப்பாடு சொல்வது போல ஒன்றாகச் சொன்னார்கள். அவளோடு வராந்தாவில் உட்கார்ந்த பெண்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். நான் தப்பிக்க வேண்டும் என்று அத்தனை பேர் முகத்திலும் எழுதியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"நீ என்னம்மா சொல்ற?"

"சொன்னாங்க சார்" என்றாள் ஜெனிபா.

"வகுப்பே இல்லைங்குது. நீ ஒருத்தி மட்டும் சொல்ற. யோசிச்சு சொல்லு, சார் மேல எதுவும் கோவமா?"

"கோவம் இல்ல சார். சொன்னாங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன். "அந்தப் பிள்ள சொல்லுததுதான் உண்ம சார்" என்றேன். வாசலில் அண்ணன், "ஏலே, வேண்டாம்" என்றார். குமரேசனுக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா தெரியாது.

"என்ன சொன்னீங்க, எப்படிச் சொன்னீங்க?" என்று அதிகாரி கேட்டார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துச் சொன்னால் அது ஒன்றுமில்லாதது போல ஆகிவிடும் என்று தோன்றியது. ஏதோ வாய் தவறி வந்தது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். "போட்டுக் காட்டுதேன் சார்" என்றேன். அவர் தலையசைத்தார்.

போர்டைப் போட்டேன். சத்தத்தை அடைத்தேன். அன்றைக்குப் பேசியது போலவே பேசினேன், ஒரு சொல் குறைக்காமல். அதே ஏற்றம், அதே இழுப்பு. காப்பி கேட்கும் இடத்தில் சொன்ன வேடிக்கையைச் சொன்னேன். கூட்டம் கூடும் இடத்தில் சொன்னதைச் சொன்னேன். குழம்பை ஊற்றும் இடம் வந்தது. "பாருங்கலே, பாருங்க, அபிஷேகம் நடக்குது! அடுத்தாப்புல பன்னீர் வருதா, பால் வருதா?"

பின்பெஞ்சில் எவனோ பழக்கத்தில் சிரித்துவிட்டான். உடனே அடங்கிவிட்டது. நான் படத்தை அங்கேயே நிறுத்தினேன்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். அன்னபாக்கியம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புப் பையன் ஒருவன், தலையிலிருந்து குழம்பு வழிய, கையை மேடையில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவருக்கு அந்தப் பையன் யார், எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம், "சார், இதுக்கா எல்லாரும் சிரிச்சாங்க?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கேள்விக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இதற்கு "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார். அப்போது ஜெனிபா எழுந்து நின்றாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நானும்தாம்மா சிரிச்சேன்" என்றாள்.

அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறக்கவில்லை. அதனால் நான் இங்கே எழுதி வைக்கிறேன்.